ஐசம் டேலி ஏன் மெதுவாக வாசித்தார்?

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி ஆர்டீலியா டேலி அவர்களே, கான்சஸ் சிட்டி இசைக்கலைஞர் சங்கத்து அங்கத்தினர்களே, சங்கத்தில் இல்லாவிட்டாலும் பின்கட்டில் பன்றி விலா வேகிறது என்று மோப்பம் பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசிவிட்டார்கள். மூன்று பேரும் அழகாகப் பேசினார்கள். அதுதான் எனக்கு இடிக்கிறது.

பாதிரியார் பிங்க்னி அவர்கள் மறைந்த நம் சகோதரர் ஐசம் டேலியைத் 'தாளத்தின் சக்கரவர்த்தி' என்றார். ஐயா, நீங்கள் அவர் டிரம்ஸ் வாசித்து ஒரு நாளாவது கேட்டதுண்டா? நடன மண்டபம் இருக்கும் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் நீங்கள்! நம் சங்கப் பொருளாளர் 'கறைபடாத மனிதர்' என்றார். ஆறு வருடங்களுக்கு முன்னால் இதே அறையில், இதே வாயால், அவர் ஐசமைப் பற்றி என்ன சொன்னார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. செயலாளர் கண்ணீரே விட்டார். அந்தக் கண்ணீரையும் நான் பக்கத்தில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டேன். உயிரோடு இருந்தவரை முகம் கொடுத்துப் பேசாதவர்களுக்கெல்லாம், செத்த பிறகு ஒரே வாரத்தில் ஒரே மாதிரி அன்பு எப்படிப் பொங்கும்? சொல்லுங்கள், எப்படிப் பொங்கும்?

என் பெயர் லாஃபாயெட் மிம்ஸ். இந்தச் சங்கத்தின் தலைவன். அதற்கு முன்பு, அம்ப்ரோஸ் டில்மன் நடனக் குழுவில் ஆளுயர பேஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு நின்றவன். பேஸ் வாசிக்கிறவன் டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு ஒட்டியபடி நிற்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி கூட அவ்வளவு நெருக்கமாக நிற்பதில்லை. ஆகவே ஐசம் டேலியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. அத்தோடு நான் பிறவிச் சந்தேகப் பிராணி என்பதும் உங்களுக்குத் தெரியும். என் மனைவி ஊற்றிக் கொடுக்கும் பாலைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். அப்படிப்பட்டவன் ஒரு மனிதரைப் பாராட்டினால் அதை நீங்கள் நம்பலாம்.

எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். டில்மன் குழுவின் ஆட்கள் எல்லோரும் படமாகத் தொங்குகிறார்கள். நடுவில் டில்மன், பியானோவில் கை வைத்தபடி. அங்கே டிரம்பெட்காரர்கள், இங்கே சாக்ஸஃபோன்காரர்கள், ஓரத்தில் நான், இன்னும் தலையில் முடியோடு. டிரம்ஸ் வாசித்தவர் எங்கே? அவருடைய இடத்தில் வெறும் சுவர்தான் இருக்கிறது. இந்த ஊரே எழுந்து ஆடிய தாளத்துக்குச் சொந்தக்காரருக்கு இந்த ஊர் கொடுத்தது அந்த வெறும் சுவர்! அவர் படத்தை மாட்டலாமா கூடாதா என்று இன்று இந்தச் சபை முடிவு செய்ய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள்.

ஏன் மாட்டவில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முடிதிருத்தும் கடையில் சொல்வார்கள், மண்டப வாசலில் சொல்வார்கள், அவர் உள்ளே வந்ததும் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். இன்று அவர் மனைவி ஆர்டீலியாவின் முன்னாலேயே நான் சொல்லிவிடுகிறேன். 'ஐசம் டேலி விலைபோனவன். பெல்க்ராஃப்ட் ஹோட்டலில் வேண்டுமென்றே கெடுத்தான்.' இதுதானே? தலையைக் குனியாதீர்கள். நானும் அதை நம்பியவன்தான்.

ஐசம் எப்படி வாசிப்பார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். தலையைக் குனிந்தபடியே வாசிப்பார். பார்த்தவர்கள் பணிவு என்றார்கள். பணிவாவது, ஒன்றாவது! அவர் தரையைப் பார்த்தார். ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்து, அந்தக் கால்களிலிருந்து தாளத்தை எடுத்து, அதையே அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் கூட்டத்தில் நல்ல டிரம்ஸ்காரர்கள் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான். ஐசம் முழுக்க முழுக்க அப்படி. இறைச்சிக் கூடத்துப் பெண்கள் நாளெல்லாம் ஈரத் தரையில் நின்றுவிட்டுச் சனிக்கிழமை நடனத்துக்கு வருவார்கள். அன்று டில்மன் வேகமாக ஆரம்பித்தால் ஐசம் பின்னாலிருந்து குரல் கொடுப்பார்.

"தலைவரே, அந்தப் புள்ளைங்களுக்குக் கால் வீங்கிக் கெடக்கு. கொஞ்சம் எறக்குங்க."

"நீ வாசிக்க வந்தியா, பாதம் பாக்க வந்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் தலைவரே."

அந்தப் பெண்கள் கடைசிப் பாட்டு வரை ஆடிவிட்டுத்தான் போவார்கள். எதனால் ஆட முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்கே பாதிதான் தெரியும்.

இனி பெல்க்ராஃப்ட். நகர நடுவில், பளிங்குப் படிகளோடு, அன்றும் இன்றும் அதே வெள்ளைக்கார ஹோட்டல். வாரம் ஒரு முறை அங்கிருந்து வானொலியில் நேரடி ஒலிபரப்பு நடக்கப் போகிறது, அதற்கு ஒரு குழு வேண்டும் என்றார்கள். கிடைத்தால் நாடு முழுக்க எங்கள் பெயர் போகும். கிடைக்காவிட்டால் மறுபடியும் ஓட்டைப் பேருந்து, ஓக்லஹோமா, சேற்றுப் பாதை. இரண்டு குழுக்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். ஒன்று நாங்கள். இன்னொன்று, இதோ மேடையில் அமர்ந்திருக்கும் ஹோரஸ் வில்பர்ன் அவர்களின் குழு. வாருங்கள் ஹோரஸ், நன்றாக நிமிர்ந்து உட்காருங்கள், உங்களிடமும் எனக்குக் கேள்வி இருக்கிறது.

மத்தியான நேரம். சமையலறை வழியாகத்தான் எங்களை உள்ளே விட்டார்கள். அந்தப் பெரிய நடனக்கூடம் காலியாக இருந்தது. நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மேலாளர் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தவிர, தூரத்தில் ஈரத்துடைப்பம் வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர். அவ்வளவுதான்.

டில்மன் எண்ணிக்கை கொடுத்தார். பிரமாதமான வேகம். முதல் சுற்று பறந்தது. இரண்டாம் சுற்றில் எனக்கு முதுகுப் பக்கம் என்னவோ செய்தது. தாளம் இறங்குகிறது! நான் ஐசமைப் பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. இன்னும் இறங்கியது. டிரம்பெட்காரர்கள் மூச்சு போதாமல் திரும்பிப் பார்த்தார்கள். டில்மன் இடது காலால் தரையை உதைத்தார். ஐசம் கேட்டால்தானே! சவ ஊர்வலம் போல இழுத்துக்கொண்டு போய், நடுவில் காரணமே இல்லாமல் சிம்பல் என்ற பித்தளைத் தட்டில் ஒரு பெரிய அடி அடித்து, மறுபடியும் இழுத்தார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வேலை வில்பர்ன் குழுவுக்குப் போயிற்று.

பேருந்தில் கத்தாதவர்கள் யாரும் இல்லை. "என்னடா செஞ்ச?" என்று நான்தான் அவர் சட்டையைப் பிடித்தேன். ஐசம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தரையில ஆளு இல்லடா மிம்ஸு." அவ்வளவுதான். அதைக் கேட்டுச் சிரித்தார்கள் சிலர், காறித் துப்பினார்கள் சிலர். டில்மன் முன் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே அது எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது.

அப்புறம் ஒரு மாதம் போயிருக்கும். ஐசம் புத்தம் புதிய சிம்பல் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். தகதகவென்று மின்னிற்று. யார் கொடுத்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதே வாரம், 'அது வில்பர்ன் மேடையிலிருந்து வந்த சாமான்' என்று செய்தி பரவியது. சபையோரே, உங்களுக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்? வேலை வில்பர்னுக்கு, சிம்பல் ஐசமுக்கு! கணக்குச் சரியாக இருந்தது. குழு அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஓடியது. ஐசமும் வாசித்தார். ஆனால் சாப்பிடும்போது அவர் மேஜையில் யாரும் உட்காரவில்லை.

இருபது வருடங்களுக்கு மேல் அப்படியே போயிற்று. இரண்டு வருடங்களுக்கு முன்பு வைன் தெருவில், விலா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது, நான் மறுபடியும் அவரைக் கேட்டேன்.

"ஐசம், நமக்கு வயசாயிடுச்சு. இப்பவாவது சொல்லு. எவன்டா உன்ன வெலைக்கு வாங்கினான்?"

அவர் சாஸைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தரை தொடச்ச கெழவன்."

"என்ன?"

"அந்தக் கூடத்துல அசைஞ்சது அவன் காலு மட்டுந்தான்டா. ஒரு எட்டு வைப்பான், ஒரு இழுப்பு இழுப்பான். என் கண்ணு அங்க போயி மாட்டிக்கிச்சு. எடுக்கவே முடியல."

"அந்த சிம்பல் அடி?"

"அவன் வாளியில தொடப்பத்தத் தூக்கிப் போட்டான்டா. நான் என்ன செய்ய?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. இவ்வளவு நல்ல கதை உண்மையாக இருக்குமா?

ஆகவே ஒரு காரியம் செய்தேன். ஞாயிறு மத்தியான நடனத்தில் ஐசம் வாசித்துக்கொண்டிருந்தார். நம் டாப்ஸன் தம்பதியை உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் நல்ல கனம், இரண்டு பேருக்கும் மூட்டுவலி. அவர்களை மேடைக்கு எதிரிலேயே கொண்டுபோய் ஆடவிட்டேன். தாளம் இறங்கியது! அவர்களைப் பின்னால் எலுமிச்சைச் சாறு வைத்திருந்த பக்கம் அனுப்பினேன். தாளம் ஏறியது! திருமதி டாப்ஸன் இன்றுவரை என்னிடம் கோபமாக இருக்கிறார். அம்மா, ஒரு நல்ல மனிதரின் மானத்துக்காகத்தான் உங்களை அலைக்கழித்தேன், மன்னியுங்கள்.

எனக்குத் திருப்தி வந்ததா? வரவில்லை. எனக்கு எளிதில் வராது. ஒத்திகை அறையில் யார் ஆடினார்கள்? இசைத்தட்டுப் பதிவு செய்த கூடத்தில் யார் ஆடினார்கள்? அங்கெல்லாம் இதே ஐசம் கடிகாரம் மாதிரி வாசித்தாரே! பெல்க்ராஃப்டில் மட்டும் என்ன வந்தது? கிழவர் கதை பாதியைத்தான் விளக்கியது. மீதிப் பாதி எங்கே?

மீதிப் பாதி இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

போன திங்கட்கிழமை, சவப்பெட்டிக்கு அனுப்ப ஐசமின் கோட்டை எடுத்துவர அவர் வீட்டுக்குப் போனேன். ஆர்டீலியா சமையலறையில் நின்று அந்தக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டேன். போலீஸ்காரனைப் போலக் கேட்டேன்.

"ஆர்டீலியா, ஒத்திகைக்கெல்லாம் நீ எதுக்கு வந்து உக்காருவ?"

"நீங்கல்லாம் என்ன நெனச்சீங்க?"

"அவன் வேற பொண்ணுங்க பக்கம் போயிரக் கூடாதுன்னு காவல் காக்கிறேன்னு நெனச்சோம்."

"அந்த மூஞ்சிக்குக் காவல் வேறயா!" என்றார். சிரித்தார். அப்புறம் கோட்டின்மேல் கை வைத்துக்கொண்டு அழுதார். "நாற்காலியில உக்காந்து கால ஆட்டிக்கிட்டு இருப்பேன் மிம்ஸு. அவரு என் காலப் பாத்து வாசிப்பாரு. தட்டுப் பதிவுல கண்ணாடிக்கு அந்தாண்ட செருப்பக் கழட்டிட்டு ஆடுவேன், சத்தம் வரக் கூடாதுல்ல. நீங்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கலயே!"

சபையோரே, நாங்கள் பார்க்கவில்லை! டில்மன் குழுவின் தாளம், டில்மன் குழுவின் தாளம் என்று கொண்டாடினீர்களே, அது இந்த அம்மாளின் கால்!

"அப்ப பெல்க்ராஃப்ட்ல?" என்று கேட்டேன்.

"நடைபாதையில நின்னேன்."

அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று கண்முன் வந்தது. அன்று சமையலறைக் கதவருகில் நான் பேஸைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, ஐசம் டில்மனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் பின்னால் ஆர்டீலியா நீல உடையில், ஆடும் காலணிகளைக் காகிதப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். ஐசம் முன்பணம் கேட்கிறார் என்று அன்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு என்று ஆர்டீலியா இப்போது சொன்னார். "இவளையும் உள்ள கூட்டிட்டுப் போகணும் தலைவரே, இவ இல்லாம எனக்கு வராது." டில்மன் கதவுக்காரனைப் பார்த்தார். வாத்தியக்காரர்களைத் தவிர, கறுப்பர்களான நம் ஆட்கள் ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்பது அந்த ஹோட்டலின் விதி. டில்மன் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம். அந்த அம்மாளை எங்கள் கோட்டுகளை வாங்கி வைப்பவள் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை. "இன்னிக்கு வேணாம்பா. வம்பு வேணாம்" என்றார்.

ஆகவே, அம்ப்ரோஸ் டில்மனுக்கு எல்லாம் தெரியும்! பேருந்தில் நாங்கள் ஐசமின் சட்டையைப் பிடித்தபோதும் தெரியும். விலைபோனவன் என்று ஊர் பேசியபோதும் தெரியும். நடுச்சுவரில் தொங்கும் இந்த மனிதர், சாகும்வரை வாயைத் திறக்கவில்லை.

ஐசம் ஏன் திறக்கவில்லை? நான் அதையும் கேட்டேன். ஆர்டீலியாவும் அவரைப் பல முறை கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார். ஐசம் அவருக்குச் சொன்ன பதில் இதுதான். "தலைவர் ஒரு கதவுக்காரனுக்குப் பயந்துட்டாருன்னு பசங்களுக்குத் தெரிஞ்சா, மறுநாள் குழு இருக்காதுடி. பத்துக் குடும்பம் சாப்பிடுது. என்னைய திட்டிட்டுப் போகட்டும்."

இத்தனை பெரிய மனது ஒருவருக்கு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதனால் மிச்சமிருந்த ஆதாரத்தையும் தேடினேன். ஹோரஸ் வில்பர்ன் அவர்களே, எழுந்திருங்கள். எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். அந்தச் சிம்பலை நீங்கள் கொடுத்தீர்களா, இல்லையா?

கேட்டீர்களா? 'கொடுத்தேன்' என்கிறார். பொறுங்கள், கூச்சல் வேண்டாம். எதற்குக் கொடுத்தீர்கள்? உரக்கச் சொல்லுங்கள் ஐயா, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கட்டும்.

"நடனப் போட்டிப்பா! நம்ம பக்கத்து மண்டபத்துல, எங்க மேடையில நடந்துச்சு. இதோ, இந்த ஆர்டீலியாம்மாதான் ஜெயிச்சாங்க. பரிசுக்குப் பட்டுச் சால்வை வச்சிருந்தோம். 'சால்வை வேணாம், அந்த சிம்பலக் குடுங்க'ன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. என் டிரம்ஸ்காரன் அழுதுட்டான்!"

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். இந்தச் சிரிப்பை ஐசம் உயிரோடு இருந்தபோது அவருக்குக் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இதை ஹோரஸிடம் யாரும் கேட்கவில்லை. நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை. பால் வரை மோந்து பார்க்கிறவன், என் பக்கத்திலேயே வாசித்தவரைப் பற்றிய வதந்தியை மட்டும் அப்படியே குடித்துவிட்டேன்.

இப்போது படத்துக்கு வருவோம். பொருளாளர் சட்டம் போட்ட படத்தைத் தயாராக மேஜைக்கடியில் வைத்திருக்கிறார், எனக்குத் தெரியும். ஓட்டெடுப்பே வேண்டாம், கையோடு மாட்டிவிடலாம் என்று என் காதில் சொன்னார். ஏன் இந்த அவசரம்? படம் மாட்டுவது சுலபம், அதனால்தான். ஒரு ஆணி, ஒரு கைதட்டல், விலா எலும்பு, வீடு! அதோடு ஐசம் டேலி விவகாரம் முடிந்தது என்று ஆகிவிடும்.

நான் இதைத் திங்கட்கிழமையே ஆர்டீலியாவிடம் சொன்னேன். "அவர் படத்தை மாட்டப் போகிறோம்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"படம் எதுக்கு மிம்ஸு? அந்தக் கதவு இன்னும் அப்படியேதானே இருக்கு?"

நான் கோட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏன் தெரியுமா? வருகிற சனிக்கிழமை பெல்க்ராஃப்ட் ஹோட்டலில் பெரிய விருந்து நடனம். வாசிக்கப்போவது நம் சங்கக் குழு. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் நான். எந்த வழியாக உள்ளே போகப் போகிறோம்? சமையலறை வழியாக! ஐசம் போன அதே கதவு. ஆர்டீலியா நின்ற அதே நடைபாதை. நம் மனைவிகள் எங்கே நிற்பார்கள்? சொல்ல வேண்டியதில்லை. வம்பு வேண்டாம் என்று நானும்தான் பேசாமல் இருந்தேன். நாளைக்கு என் படம் நடுச்சுவரில் தொங்கும்போது நீங்கள் என்ன பேசிக்கொள்வீர்கள்?

ஆகவே, மறைந்த சகோதரர் ஐசம் டேலியின் பெயரால் இந்தச் சபை முன்னால் நான் உறுதி சொல்கிறேன். சனிக்கிழமை நாம் சமையலறை வழியாகப் போகமாட்டோம். பளிங்குப் படியேறி முன்வாசலுக்குப் போவோம். நமக்கு முன்னால் ஆர்டீலியா டேலி போவார், விருந்தாளியாக, ஆடுவதற்கு. அவர் உள்ளே போனால் நாம் போவோம், வாசிப்போம். அவரை நிறுத்தினால் வாத்தியங்களை அந்தப் படிகளிலேயே வைத்துவிட்டு நாமும் நிற்போம். இந்த ஹோட்டல் மட்டுமல்ல, நம் ஆட்கள் ஆட முடியாத எந்தக் கூடத்திலும் இனி இந்தச் சங்கம் வாசிக்காது. இதனால் வேலை போகலாம். போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குடும்பத்துக்காக ஒரு மனிதர் தன் பெயரைக் கொடுத்தார், அவருக்காக நாம் ஒரு சனிக்கிழமையைக் கொடுக்கமாட்டோமா? படத்தை அதற்கப்புறம் மாட்டிக்கொள்ளலாம். சம்மதிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்.

பொருளாளர் அவர்களே, நீங்களும்தான்.

ஆர்டீலியா, கடைசியாக உன்னைக் கேட்க வேண்டும். உன்னிடம் கேட்காமலே உன் பெயரைச் சொல்லிவிட்டேன். வருவாயா?

"முட்டி ரெண்டும் போச்சே மிம்ஸு. மெதுவாத்தான் ஆடுவேன்."

மெதுவாக ஆடு அம்மா. நீ எவ்வளவு மெதுவாக ஆடினாலும் அவ்வளவு மெதுவாக வாசிக்கிறோம்.

சபையோரே, அந்த ஹோட்டல்காரர்கள் கதவைத் திறப்பார்களா என்றால், எனக்குப் பெரிய சந்தேகம். இப்போது எழுந்து நிற்கும் நீங்கள் எல்லோரும் சனிக்கிழமை அந்தப் படியிலும் நிற்பீர்களா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். வந்து என் சந்தேகத்தைப் பொய்யாக்குங்கள். வரும்போது நல்ல காலணி போட்டுக்கொண்டு வாருங்கள்.